செவி திருத்திய செய்யுள்

கவிதை பிறக்கும் விதத்தைப் பற்றித் தமிழில் எத்தனையோ கதைகள் உண்டு. திருவானைக்காவில் அம்பிகை தந்த தாம்பூலத்தால் காளமேகம் பாடத் தொடங்கினார் என்பது ஒரு கதை. ஊமைப் பிள்ளையாக இருந்த குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து பாடினார் என்பது மற்றொரு கதை. இக்கதைகளில் பாட்டு முழு உருவத்தோடு வந்து விழுகிறது. கவிஞர் ஒரு சொல்லை நீக்கி வேறு சொல் வைத்ததாகவோ, ஓரடியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்ததாகவோ அவற்றில் செய்தி இல்லை. அருள்வாக்கைத் திருத்தினார் என்று சொல்வது அவருக்குக் குறைவாகும் என்று எண்ணினர் போலும்.

ஆயினும் இதே மரபுதான் அரங்கேற்றம் என்னும் ஏற்பாட்டையும் போற்றி வந்தது. அருளால் பிறந்த நூலேயாயினும் கற்றோர் அவையில் படிக்கப்பட்டு, தடை எழுப்பப்பட்டு, விடை கூறப்பட்டு, ஏற்கப்பட்ட பின்னரே அது நூலாயிற்று. திருவள்ளுவர் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என இரண்டு அதிகாரங்களை வகுத்திருப்பதிலிருந்தே அவைக்கு இருந்த மதிப்பு விளங்கும். பழந்தமிழ்ப் படைப்பில் திருத்தம் செவியின் வழியாக நடந்தது. அந்தச் செவியை இடைக்காலத்தில் இழந்ததும், பின்னர் அதைத் தேடிக்கொள்ள முயன்றதுமே தமிழ்ப் படைப்பாளர் தம் எழுத்தைத் திருத்திக்கொண்ட வரலாறு எனலாம்.

ஓலையும் நாவும்

பனையோலையில் எழுத்தாணி கீறிய எழுத்தை அழிக்க இயலாது. பிழைபட்டதை அடித்துவிட்டு, பக்கத்திலோ வரிகளின் இடையிலோ சரியானதைக் கீறலாம், அவ்வளவே. ஓலையின் அகலமும் சில விரற்கடையே. பாட்டை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி அக்காலக் கவிஞருக்கு இல்லை. ஆகவே திருத்தத்தின் பெரும்பகுதி ஓலைக்கு வருமுன்பே மனத்திலும் நாவிலும் முடிந்தாக வேண்டியிருந்தது.

இவ்வேலைக்கு யாப்பு துணை நின்றது. தளை தட்டும் இடத்தில் நா தானே தடுக்கும். எதுகை தவறிய இடத்தில் செவி தானே விழிக்கும். யாப்பைக் கவிஞனின் காலில் இட்ட விலங்கு என்று பிற்காலத்தார் சிலர் கருதினர். ஓலைக் காலத்தில் அது பாட்டைச் சரிபார்க்கும் கருவியாகவும் பயன்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். யாப்பைக் கைவிட்ட கவிஞர், அது செய்துவந்த காவற்பணியை வேறு எதனிடம் ஒப்படைத்தார் என்று தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நாவில் நடந்த இந்தத் திருத்தத்திற்கு 19ஆம் நூற்றாண்டில் தெளிவான சான்று கிடைக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள் சொல்லச் சொல்ல, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். அவரிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலிலும், ஆசிரியரின் வரலாறாக எழுதிய நூலிலும் இக்காட்சியை விரிவாகப் பதிந்திருக்கிறார். படிப்போர் வியப்பது பிள்ளையவர்களின் வேகத்தை. அந்த வேகத்தின் பின்னால் இருந்த ஏற்பாடு அத்துணை கவனம் பெறுவதில்லை. தலபுராணம் ஒன்றைப் பாடுமுன், அதன் வரலாற்றை முதலில் வசனமாக அமைத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். எது முன், எது பின், எவ்விடத்தில் நிறுத்துவது என்னும் முடிவுகளெல்லாம் செய்யுளுக்கு முன்பே ஆகிவிடும். நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு முதலிய பகுதிகளில்தான் கற்பனையைத் தம் விருப்பம்போல விரித்துக்கொள்வார்.

இதிலிருந்து எழுதுவோர் பெறத்தக்க பாடம் எளியது. சொல்லைத் திருத்துமுன் அமைப்பைத் திருத்த வேண்டும். எழுதி முடித்த கவிதை எங்கோ நொண்டுகிறது என்று தோன்றினால், அக்கவிதை சொல்வதை நான்கைந்து வாக்கியங்களில் வசனமாக எழுதிப் பார்க்கலாம். அவ்வாறு எழுத முடியாமற் போனாலோ, எழுதிய வாக்கியங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றாலோ, குறை சொல்லில் இல்லை. சொல்ல வந்ததே இன்னும் தெளியவில்லை. அந்நிலையில் உவமையை மாற்றுவதும் அடியை மடக்குவதும் வீண் உழைப்பு.

அவை கேட்ட விதம்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்க அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. இங்கே நோக்கத்தக்கது ஒன்று. பாயிரம் பாண்டியனின் பெயரைச் சொல்வதோடு அமையவில்லை. நூலைக் கேட்டவரின் பெயரையும் சொல்கிறது. ஆக்கியவருக்கும் ஆதரித்தவருக்கும் அருகில் கேட்டவருக்கும் பாயிரத்தில் இடம் இருந்தது.

கேட்பவரின் தகுதி எத்தகையது என்பதற்கு இறையனார் களவியல் உரையில் வரும் கதை சிறந்த விளக்கம். களவியலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்று தேர்ந்து சொல்ல ஒருவரும் இல்லை. உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்து வந்து உயர்ந்த இருக்கையில் அமர்த்தினர். அவன் வாய் பேசாதவன். ஒவ்வொருவரும் உரை வாசிக்க, பிள்ளை வாளா இருந்தான். மருதன் இளநாகனார் வாசித்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் பெருகி மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரனார் வாசித்தபோது சொல்தோறும் அவ்வாறே நிகழ்ந்தது. அதுவே மெய்யுரை என்று எல்லாரும் ஏற்றனர்.

இக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. அதனுள் இருக்கும் கருத்துதான் பெரிது. நீதிபதியாக அமர்ந்தவன் புகழவும் இயலாதவன், காரணம் காட்டவும் இயலாதவன். எந்த இடத்தில் அவன் மெய் அசைந்தது, எந்த இடத்தில் அசையவில்லை என்பது மட்டுமே புலவருக்குத் தெரிந்தது. தம் படைப்பைத் திருத்த விரும்பும் எழுத்தாளருக்கு வேண்டிய செய்தியும் பெரும்பாலும் அதுதான். 'மிக அருமை' என்னும் சொல்லால் ஒரு பயனும் இல்லை. ஏழாவது அடியில் கேட்பவரின் முகம் எங்கோ திரும்பியது என்பது பெரும் பயன்.

கம்பரைப் பற்றிய செவிவழிக் கதை ஒன்றும் இங்கே கருதத்தக்கது. சேதுபந்தனப் பகுதியில் அவர் நீர்த்துளி என்னும் பொருளில் 'துமி' என்று பாடியதை ஒட்டக்கூத்தர் தடுத்து, அப்படி ஒரு சொல் வழக்கில் உண்டோ என வினவினாராம். விடை தேடி இடையர் தெருவுக்குச் சென்றபோது, தயிர் கடையும் பெண்ணொருத்தி, துமி தெறிக்கும், எட்டி நில்லுங்கள் என்று பிள்ளைகளை விலக்கினாளாம். அப்பெண் கலைமகளே என்று கதை முடிகிறது. அந்த முடிவை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு நெறி மிஞ்சுகிறது. ஐயத்துக்குரிய சொல்லைச் சோதிக்கும் இடம் நிகண்டு மட்டுமன்று, மக்கள் வாயும்தான். ஒரு கவிதையில் வரும் தொழிற்பெயர், பண்டப்பெயர், செடிப்பெயர் ஒவ்வொன்றையும் அதோடு பழகுவோர் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டறிந்து மாற்றுவது திருத்தத்தின் ஒரு பகுதி.

பத்துக் குற்றம்

செவி உணர்ந்ததற்குப் பெயரிட்டுத் தந்தவர்கள் இலக்கண ஆசிரியர்கள். தொல்காப்பிய மரபியலில் நூலின் சிதைவுகள் எண்ணப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளால் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்தார். இவை இலக்கணம் முதலிய நூல்களை மனத்திற்கொண்டு சொல்லப்பட்டவை. கவிதைக்கென வகுத்தவை அல்ல. எனினும் எழுதியதை மீண்டும் படிப்பவருக்கு இதைவிடக் கைக்கடக்கமான துணை தமிழில் வேறில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிடும் பகுதியாக இது ஆகிவிட்டதுதான் இரங்கத்தக்கது.

அவற்றைப் பயன்படுத்தும் முறை ஒன்றுண்டு. எல்லாக் குற்றங்களையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. ஒரு வாசிப்புக்கு ஒரு குற்றம் என்று கொள்ள வேண்டும்.

மிகைபடக் கூறலைத் தேடும் வாசிப்பு முதலாவது. 'விழிகளில் கண்ணீர் வழிந்தோட அவள் அழுதாள்' என்பதில் 'அழுதாள்' ஒன்றே போதும். மற்றவை அதனுள் அடக்கம். கூறியது கூறலைத் தேடும் வாசிப்பு அடுத்தது. ஒரு கருத்துக்கு மூன்று உவமை வந்திருந்தால், முதல் உவமையில் கவிஞருக்கே நம்பிக்கை இல்லை என்று பொருள். மூன்றில் ஒன்று நிற்கலாம். மழையைப் பாடத் தொடங்கிய கவிதை, நடுவில் பாட்டியின் ஓலைக்குடையைப் பற்றியதாகிவிட்டால் அது மற்றொன்று விரித்தல். அப்போது வெட்ட வேண்டியது குடையையா மழையையா என்று நேர்மையாக எண்ண வேண்டும். பல வேளைகளில் குடைதான் உண்மையான கவிதையாக இருக்கும். வீறுடன் எழுந்து, போகப்போக மெலிந்து முடிவது சென்று தேய்ந்திறுதல். இக்குற்றத்துக்குக் கடைசிச் சில அடிகளை மூடிவிட்டுப் படித்துப் பார்ப்பதே மருந்து. கவிதை அதற்கு முன்னரே முடிந்திருப்பது பெரும்பாலும் தெரியவரும்.

குன்றக் கூறல் மட்டும் எழுதியவர் தாமே கண்டுகொள்ள அரியது. எழுதாமல் விட்டதும் அவர் மனத்தில் இருப்பதால், படிக்கும்போது அது தாளிலும் இருப்பதாகவே தோன்றும். இந்த ஒரு குற்றத்துக்காகவேனும் மற்றொருவர் செவி இன்றியமையாதது. மரபு அவையை வேண்டியதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது.

அச்சும் தனிமையும்

தாளும் அச்சும் 19ஆம் நூற்றாண்டில் பரவியபோது நிலைமை மாறியது. தாளில் அடிக்கலாம், எழுதலாம், மீண்டும் அடிக்கலாம். அச்சுப்படி பார்க்கும்போது இன்னொரு முறை திருத்தலாம். கவிஞர் கைக்கு இதுவரை இல்லாத உரிமை வந்தது. அதே வேளையில் செவி விலகியது. முன்னே அமர்ந்து கேட்டவர் போய், எங்கோ ஓர் ஊரில் மௌனமாகப் படிக்கும் வாசகர் வந்தார். அவர் முகம் எந்த அடியில் சுருங்கியது என்பதை எழுதியவர் அறிய வழியில்லை. போதாக்குறைக்கு, வார மாத இதழ்கள் குறித்த நாளில் எழுத்தைக் கேட்டன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தது. இத்தகைய தொடர்களில் முதல் அத்தியாயம் அச்சேறி வாசகர் கையில் இருக்கும்போது கடைசி அத்தியாயம் எழுதப்பட்டிராது. முடிவு தெரிந்தபின் தொடக்கத்தை மாற்றும் வாய்ப்பைத் தொடர்கதை முறை எடுத்துக்கொண்டது.

பாரதியார் இரு காலங்களின் எல்லையில் நின்றவர். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தபோது, இயற்றிய பாடல்களை அன்பர் வீடுகளில் பாடிக் காட்டினார். மண்டயம் சீனிவாசாசாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் சிறுமியாக இருந்து அவற்றைக் கேட்டதைப் பிற்காலத்தில் நினைவுநூலாக எழுதினார். அவை கலைந்த காலத்தில் பாரதியார் ஒரு வீட்டுக் கூடத்தை அவையாக்கிக்கொண்டார் எனலாம். அதே பாரதியாரின் பாடல்கள் இதழ், நூல், கையெழுத்துப் படி ஆகியவற்றில் பாட வேறுபாடுகளோடும் கிடைக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அவர் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு வெளியிட்டது. வேறுபாடுகள் அனைத்தும் கவிஞர் செய்தவை என்று கொள்ள இயலாது. அச்சுப் பிழையும் பதிப்பித்தோர் கையும் அவற்றில் கலந்திருக்கக்கூடும். ஆயினும் அத்தகைய பதிப்பை அருகில் வைத்து ஒரு பாடலின் இரு வடிவங்களை ஒப்பிடுவது, திருத்தக்கலை பயில விரும்புவோருக்குக் கிடைத்த நல்ல பள்ளி. எந்தச் சொல் போனது, எது வந்தது, அதனால் ஓசைக்கும் பொருளுக்கும் என்ன நேர்ந்தது என்று ஒரு பாடலை ஆய்வது பத்து அறிவுரைகளைக் கேட்பதற்கு நிகர்.

1933இல் தோன்றிய 'மணிக்கொடி'யைச் சூழ்ந்து வளர்ந்த எழுத்தாளரிடையே இருவேறு இயல்புகளைக் காணலாம். புதுமைப்பித்தன் (1906–1948) ஒரே மூச்சில் எழுதுபவர் என்று பெயர் பெற்றவர். ஆனால் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வெளிவந்த அவர் கதைகளின் செம்பதிப்பு, இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் இடையே உள்ள வேறுபாடுகளைக் காட்டுகிறது. வேகம் என்பது முதல் எழுத்துக்கு உரியது. நூலாகும்போது மறுநோக்கும் உண்டு என்பதை அறிய இது போதும். மௌனி (1907–1985) மறுமுனையில் நின்றவர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு எழுத்துலகில் இருந்தும் அவர் விட்டுச்சென்ற கதைகள் இருபத்து நான்கே. எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதியவர் என்று அவரை அறிந்தோர் கூறுவர். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 'சரஸ்வதி' இதழில் தொடங்கி இடையில் நின்று, 1966இல்தான் முழுநூலாயிற்று. இடையில் கிடந்த காலம் வீணான காலம் அன்று. எழுதியவரே தம் எழுத்துக்கு அயலாராக மாறுவதற்குக் காலம் வேண்டும். அவையில்லாத எழுத்தாளருக்குக் காலமே அவை. எழுதிய கவிதையை ஒரு திங்களேனும் பெட்டியில் வைத்துப் பிறகு எடுத்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

செவியின் எல்லை

செவியைத் திரும்பப் பெறும் முயற்சிகளுள் புகழ்பெற்றது ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி. கம்பரின் செய்யுளை நிறுத்தி, மீண்டும் சொல்லி, ஓசையும் உணர்ச்சியும் துலங்கப் படித்துக் காட்டி, அச்செழுத்தில் உறைந்து கிடந்த கவிதைக்கு உயிர்ப்பு அளித்தவர் அவர். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை கவிதையைக் காதால் கேட்கக் கற்றது அவராலேயே என்றால் மிகையாகாது.

ஆனால் அவ்வளவு நுண்ணிய செவியும் எல்லை கடந்தது. தம் காதுக்கு ஒவ்வாத கம்பர் செய்யுட்களை இடைச்செருகல் என விலக்கியதோடு நில்லாமல், ஏற்ற செய்யுட்களிலும் சொற்களைத் தாமே மாற்றி அமைத்தார். தமிழறிஞர் பலர் இதனைக் கடுமையாக மறுத்தனர். அவர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது. கேட்பவர் இடத்தைச் சுட்டலாம்; அந்த இடத்தில் தம் சொல்லை வைத்தல் ஆகாது. வைத்தால் அது அவர் கவிதையாகிவிடும். உருத்திரசன்மன் வாய் பேசாதவனாகப் படைக்கப்பட்டதன் நுட்பம் இங்கே மேலும் விளங்குகிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சுதந்திரத்துக்குப் பின் வானொலியிலும் மேடையிலும் பெருகிய கவியரங்கம் கவிதையை மீண்டும் செவிக்குக் கொண்டுவந்தது. எனினும் அங்கே கேட்டவர் செய்யும் செயல் ஒன்றே; கைதட்டல். எந்த அடிக்குக் கை தட்டினர் என்பதைக் கண்ட கவிஞர், அடுத்த முறை அத்தகைய அடிகளையே அடுக்கினார். செவி திருத்துவதற்கு மாறாகக் கெடுத்ததும் உண்டு. 1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து, அலசி, ஒன்றைத் தேர்ந்தது வேறொரு வழி. அங்கே கைதட்டலுக்கு மேல், காரணம் கேட்கப்பட்டது.

சங்கத்தின் கடமை

கணினி வந்தபின் திருத்தம் மிக எளிதாகிவிட்டது. திருத்தத்தின் தடயம் மறைந்துவிட்டது. ஓலையில் அடித்த எழுத்தும் தெரிந்தது. பாரதியாரின் தாளில் அடித்த சொல்லும் தெரிகிறது. கணினியில் நீக்கிய சொல், இருந்த இடமே தெரியாமல் போகிறது. மூன்றாம் வடிவத்தைவிட முதல் வடிவமே சிறந்தது என்று பின்னர் தோன்றினாலும் திரும்பிச் செல்ல வழியில்லை. ஒவ்வொரு வடிவத்தையும் நாளிட்டுத் தனியே வைத்துக்கொள்வது எழுதுவோர் இன்று மேற்கொள்ளத்தக்க முதல் ஒழுக்கம்.

தனி ஒருவரால் ஆகாத பிறவற்றுக்குத்தான் இலக்கியச் சங்கம் தேவைப்படுகிறது. பத்து ஆண்டுகள் கூடியிருந்து ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்ட சங்கங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஒருவர் கவிதையை மற்றவர் திருந்தக் கேட்ட சங்கங்கள் எத்தனை என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். வாழ்த்து மட்டுமே கேட்ட கவிஞர் பத்தாம் ஆண்டிலும் முதல் ஆண்டுக் கவிதையையே எழுதிக்கொண்டிருப்பார். அவருக்கு நேர்ந்த அந்த இழப்பில் உடனிருந்து தலையாட்டியவர்களுக்கும் பங்குண்டு.

இதற்கு வேண்டியவை பெரிய ஏற்பாடுகள் அல்ல. கவிதையை எழுதியவர் படிக்காமல், முன்பு அதைப் பாராத வேறோர் உறுப்பினர் உரக்கப் படிக்கலாம். எழுதியவரின் குரல் தன் கவிதையின் குறைகளை மூடிக்கொண்டு போகும். அயலாரின் குரல் இடறும் இடத்தில் இடறியே தீரும். எழுதியவர் அந்த இடங்களைத் தம் படியில் குறித்துக்கொண்டு, விளக்கம் சொல்லாமல் இருக்கலாம். விளக்கினால்தான் புலப்படும் என்றால் அந்த விளக்கம் கவிதைக்குள் இருந்திருக்க வேண்டியது. கேட்டவர் தம் மனம் எங்கே நின்றது, எங்கே விலகியது என்பதை மட்டும் சொல்லி, மாற்றுச் சொல் தராமல் அமையலாம். அடுத்த திங்கள் அதே கவிதை திருந்திய வடிவில் மீண்டும் படிக்கப்படலாம். புதிய கவிதைக்குத் தரும் நேரத்தில் பாதியைத் திருந்திய கவிதைக்குத் தரும் சங்கம், ஓராண்டிலேயே வேற்றுமையைக் காணும்.

தொல்காப்பியத்தின் பாயிரம் அதங்கோட்டு ஆசான் பெயரை இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்து வைத்திருக்கிறது. அவர் எழுதிய நூல் என்று எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நூலை அவர் கேட்டார், அதற்காகவே நினைக்கப்படுகிறார்.